லப்பைக்குடிக்காட்டுக்குப் போன தாம்பாளம்

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியதும் நான் முதலில் தேடியது குழாயை. ரயிலில் தயிர்சாதம் சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும். எங்கே போனாலும் என் பையில் ஓர் எவர்சில்வர் தட்டும் ஒரு டம்ளரும் இருக்கும், இரண்டிலும் என் பெயர் வெட்டியிருக்கும். தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்து, கான்டீனின் ஈரத்தட்டுகளைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் இது. "சரோஜா, நீ காணாமல் போனாலும் தட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்" என்பார் என் வீட்டுக்காரர் தியாகராஜன். பண்ணட்டும் கேலி. ஊரார் சாப்பிட்ட தட்டில் நான் சாப்பிட மாட்டேன், அவ்வளவுதான்.

2006 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரத்து வெள்ளிக்கிழமை. சென்னை பெரம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி எழும்பூரில் மதியம் ரயில் ஏறியவள், சுமார் இருநூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர் கடந்து மாலையில் அரியலூர் வந்திருந்தேன். போக வேண்டிய ஊர் குன்னம். பார்க்க வேண்டிய ஆள் என் வீட்டுக்காரரின் தங்கை மல்லிகா. "அண்ணி, என் தட்டு மொத மொதலா ஒரு கல்யாணத்துக்குப் போவுது. நீங்க வந்தே ஆவணும்" என்று போனில் ஒரே பிடிவாதம். அண்ணனுக்கு மூட்டுவலி. ஆகவே அண்ணியின் தலையில் விடிந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே வரிசையாகச் சிமெண்டு லாரிகள். சுண்ணாம்புக்கல் தூசியில் வேப்பமரங்கள்கூட நரைத்திருந்தன. பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி, குன்னத்துக்கு ஏழு ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினேன். பக்கத்தில் உரமூட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "இது எந்த மாவட்டங்க, பெரம்பலூரா அரியலூரா?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க போங்க! ரெண்டாயிரத்தொண்ணுல அரியலூரத் தனி ஜில்லான்னாங்க. மறு வருசமே, கெடையாது, பெரம்பலூர்தான்னுட்டாங்க. போர்டுல பேரு எழுதுன பெயிண்டு காயறதுக்குள்ள அழிச்சாச்சு" என்றார்.

"பெயரை அழித்தால் வருத்தமாக இருக்காதா?"

"பேரு போனா போவுது. பஸ்சு வருதுல்ல?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பெயர் என்றால் சும்மாவா? என் வீட்டில் கரண்டிக்குக்கூடப் பெயர் உண்டு.

ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம். பச்சை போய், தோகை காய்ந்து, அறுப்புக்குக் காத்திருந்தது. நடுநடுவே பருத்தியும் வெங்காயமும். எல்லாம் மழையை நம்பிய கரிசல் காடு. முக்கால் மணி நேரத்தில் குன்னம் வந்தது. மல்லிகா பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். போன தடவை பார்த்ததைவிட இளைத்திருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் சுட்டுக்கொண்ட தழும்புகள்.

"என்னடி இது கை?"

"மெஷினு அண்ணி. பழகிடுச்சு. வாங்க வாங்க, வூட்டுல போயிப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். அதற்குள்தான் அவள் உலகம். மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கிய மெஷின் ஒன்று. மேலே ஓர் இரும்பு அச்சு, கீழே ஓர் இரும்பு அச்சு, இரண்டும் கேஸ் அடுப்பில் சூடேறும். ஆத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் பாக்கு மரத்திலிருந்து தானாக விழும் மட்டையை லாரியில் வரவழைக்கிறாள். மட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் வடிந்ததும் அச்சுக்கு நடுவில் வைத்துக் காலால் ஒரு மிதி. உஸ்ஸென்று ஆவி. கொஞ்ச நேரம் பொறுத்துக் காலை எடுத்தால் தட்டு! பசையில்லை, சாயமில்லை. பன்னிரண்டு அங்குலத் தட்டு இரண்டு ரூபாய் நாற்பது காசு. சின்னக் கிண்ணம் எண்பது காசு. சூட்டோடு ஒன்றை என் கையில் கொடுத்தாள். வறுத்த கடலைத்தோல் மாதிரி ஒரு வாசனை. வெளிர் பழுப்பில் ரேகை ரேகையாக அழகாகத்தான் இருந்தது. அதை நான் உடனே சொல்லிவிடவில்லை.

சமையலறைக்குள் போனதும் என் கண் வழக்கம்போல என் சாமானைத் தேடியது. மல்லிகா கல்யாணத்துக்கு நாங்கள் சீராகக் கொடுத்த பெரிய பித்தளைத் தாம்பாளம் அது. அரிசி டிரம்முக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. நல்லவேளை, அடிப்புறத்தில் கொட்டை எழுத்தில் நான் வெட்டச் சொன்னது மேலே பார்த்தபடி இருந்தது. 'அன்பளிப்பு: சரோஜா – தியாகராஜன், பெரம்பூர்.'

"வந்ததும் பேரு இருக்கான்னு பாத்துட்டீங்களா? யாரும் அழிக்கல அண்ணி" என்று மல்லிகா சிரித்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பாக்குமட்டைத் தட்டு போட்டாள். நான் பையிலிருந்து என் தட்டை எடுத்தேன்.

"என் வூட்டுல தட்டுக்கா பஞ்சம்? அண்ணி, நீங்க எச்சில் எச்சில்னு பயப்படுறீங்க. இந்தத் தட்டுல இதுவரைக்கும் ஒருத்தருமே சாப்புட்டதில்ல. இனிமேலும் ஒருத்தரும் சாப்புடப் போறதில்ல. ஒங்க எவர்சில்வர் தட்டுக்கு அந்தப் பெருமை உண்டா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என் தட்டிலேயே சாப்பிட்டேன்.

மல்லிகாவின் வீட்டுக்காரர் கோவிந்தன் நல்ல மனுஷர், ஆனால் பேச்சு கறார். கை கழுவும்போது என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நானும் ஒரு வருசமாப் பாக்குறேன் அக்கா. கோயிலு, காதுகுத்துன்னு அம்பது நூறு போவுது. மத்தபடி அடுக்கி வெச்சிருக்கா. பத்து நாள்ல சோளம் வூட்டுக்கு வந்துரும். கதிரு நனைஞ்சா பூசணம் புடிச்சிரும், ஷெட்டுலதான் போட்டாவணும். இந்தக் கல்யாணம் நல்லபடியா போயி நாலு பேரு கேட்டு வந்தா மெஷினு இருக்கட்டும். இல்லேன்னா வித்துரலாம்னு அவளே ஒத்துக்கிட்டா."

மல்லிகா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஒத்துக்கொண்டவள் முதுகு அப்படி விறைத்திருக்காது. எனக்குப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு லோடு ஆட்டோ வந்தது. டிரைவர் பாஸ்கர், வாய் ஓயாத ஆள். பின்னால் நானூறு தட்டும் நானூறு கிண்ணமும் ஏற்றினோம். முன்னால் நாங்கள் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கல்யாணம் லப்பைக்குடிக்காட்டில், வேப்பூர் வழியாக இருபது கிலோமீட்டர் வரும்.

"மூணே மாசம் முன்ன இந்த ஊருல ஒரு கல்யாணத்துக்குத் தண்ணி லோடு அடிச்சேங்க்கா. மறுநா பாத்தா வெள்ளாத்து மணலு பூரா பிளாஸ்டிக்கு தட்டு. காத்துல எந்திரிச்சுப் பறக்குது, கொக்கு மாதிரி" என்றான் பாஸ்கர்.

லப்பைக்குடிக்காடு நான் நினைத்ததைவிடச் செழிப்பான ஊர். ரோஜா நிறம், பச்சை, வெளிர் நீலம் என்று மாடி வீடுகள். பாதி வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில். ஊருக்கு வடக்கே வெள்ளாறு மணலாக விரிந்து கிடக்கிறது, அக்கரையில் திட்டக்குடி. பக்ரீத் முடிந்து, கல்யாணம் வைக்காத மொஹரம் பிறப்பதற்கு நடுவில் இருந்த வாரம் என்பதால் தெருவுக்கு ஒரு பந்தல். நாங்கள் போன வீடு நூர்ஜஹான் அக்காவுடையது. கணவர் குவைத்திலிருந்து மகள் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தார். மறுநாள் நிக்காஹ். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். பெரம்பலூரில் மகளிர் குழுக் கண்காட்சியில் மல்லிகாவின் தட்டைப் பார்த்து, பிளாஸ்டிக் வேண்டாம் என்று முடிவு செய்து போனில் ஆர்டர் கொடுத்தவர்.

பாஸ்கர் கட்டுக்கட்டாக இறக்க இறக்க, அக்காவின் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"மல்லிகா, இது என்னம்மா இம்புட்டு? நான் நாப்பதுதானே சொன்னேன்?"

"நானூறாத்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா. நாப்பது தட்ட வெச்சிக்கிட்டு யாராச்சும் கல்யாணம் நடத்துவாங்களா? போன்ல தப்பா சொல்லிட்டீங்கன்னு நானாவே போட்டுட்டேன். வெலையப் பத்திக் கவலப்படாதீங்க."

"அல்லாஹ்வே! நாங்க சஹன்லதானே சாப்புடுவோம். ஒரு சஹனுக்கு நாலு பேரு. ஆம்பளைங்க பக்கத்துக்கு ஜமாத்துச் சஹன் வந்துரும். நாளைக்கே ஊருக்குள்ள இன்னும் ரெண்டு கல்யாணம், அதனால பொம்பளைங்க பக்கத்துக்குத்தான் தட்டு பத்தல. நூத்தி அறுவது பேரு, நாப்பது தட்டு. பெருசா செய்ய முடியுமான்னு கேட்டேனே, முடியும்னியே?"

மல்லிகா தன் தட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு அங்குலம். அவள் பிறந்ததிலிருந்து ஆளுக்கொரு இலையில் சாப்பிட்டு வளர்ந்தவள், நானும் அப்படித்தான். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் உதிக்கவே இல்லை. எங்களுக்குப் பெரிசு என்றால் பன்னிரண்டு அங்குலம்தான்.

உள்ளேயிருந்து ஒரு பெண், "தனித்தனியாவே வெச்சிட்டாப் போச்சு" என்றாள்.

நூர்ஜஹான் அக்கா தலையை ஆட்டினார். "சம்பந்தி வூட்டம்மா மொதத் தடவையா நம்ம வூட்டுல கை நனைக்கிறாங்க. அவங்களும் நானும் ஒரே சஹன்ல உக்காரணும். எம் பொண்ணு அவ நாத்தனாருங்களோட உக்காரணும். ஆளுக்கொரு தட்ட நீட்டுனா அது கல்யாணமா, ஹோட்டலா?" பிறகு குரலைத் தணித்து, "நீ வருத்தப்படாத மல்லிகா. திட்டக்குடிக்கு ஆள அனுப்பிப் பெரிய பிளாஸ்டிக்கு தட்டு வாங்கிக்கிறேன்" என்றார்.

வருத்தப்படாதே என்றால் வருத்தம் போய்விடுமா? அவள் கண் கலங்கிவிட்டது. அந்த ஷெட்டும் மெஷினும் என் கண் முன்னால் வந்து நின்றன. நான் பந்தல் ஓரமாக அவளை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே சமையல்காரர் காதர் பாய், அன்றைய விருந்தாளிகளுக்கு நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். பெரிய தேக்சாவின் மூடி மேல் வாரி வாரி நெருப்புத் தணல் போட்டுக்கொண்டிருந்தார். தம் போடுகிறார்.

மல்லிகா அந்த மூடியையே பார்த்தாள்.

"பாய், மேல தணல் போட்டா உள்ள எம்புட்டு சூடு எறங்கும்?"

"சோத்துல இருக்கற ஈரத்தப் பூரா இழுத்துரும்மா. ஏன் கேக்குற?"

அவள் நேராக நூர்ஜஹான் அக்காவிடம் போனாள். "அக்கா, பொழுது சாயற வரைக்கும் டைம் குடுங்க. நாப்பது சஹன் வரலேன்னா நானே திட்டக்குடி போயி பிளாஸ்டிக்க வாங்கியாந்து தரேன்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "செய்யி. இன்ஷா அல்லாஹ்."

பாஸ்கரும் மல்லிகாவும் குன்னத்துக்குப் பறந்தார்கள். பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தபோது வண்டி நிறையப் பாக்குமட்டை. கூடவே கோவிந்தன், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. மட்டைக்கு மேலே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது எங்கள் தாம்பாளம்.

"அத எதுக்குடி தூக்கிட்டு வந்தே?"

"எங்கிட்ட இருக்கறதுலயே பெரிய வட்டம் இதான் அண்ணி. தட்டையான அடி. உள்ள தணல் போடலாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காதர் பாயிடம் இன்னொரு தேக்சா மூடியை வாங்கி மல்லாத்தி வைத்தாள். அது கீழ் அச்சு. அதில் ஊறிய மட்டை. அதன்மேல் தணல் நிரப்பிய தாம்பாளம், அது மேல் அச்சு. ஒரு மட்டை அகலம் போதாது என்பதால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஓரத்தில் தென்னை ஈர்க்கால் தைக்க வேண்டும். தைக்கிற வேலை என் தலையில். ஈரமட்டை வழுக்குகிறது, ஈர்க்கு விரலில் ஏறுகிறது. இதற்காகவா மெனக்கெட்டு ரயில் ஏறி வந்தேன் என்று வாய்விட்டே புலம்பினேன். அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், "தள்ளுங்கக்கா, நாங்களும் தைக்கிறோம்" என்று வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் சஹன் கருகிவிட்டது. இரண்டாவது, தாம்பாளத்தை எடுத்ததும் கோரைப்பாயைப் போலச் சுருண்டுகொண்டது. கோவிந்தன் எழுந்து வெளியே போனார். சரி, கோபித்துக்கொண்டு பஸ் ஏறப் போகிறார் என்று நினைத்தேன். தெருவில் கிடந்த ஒரு ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்தார்.

"பாரம் பத்தலடி. மெஷின்ல நீ மிதிக்கிறியே, அந்த மிதி வேணாமா?"

தாம்பாளத்துக்குள் தணலுக்கு நடுவே மூன்று கல்லை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு பலகையை வைத்து, அதற்கு மேல் ஆட்டுக்கல்லை ஏற்றினார். உஸ்ஸென்று ஆவி. மல்லிகா விரல் விட்டு எண்ணிக்கொண்டே காத்திருந்தாள். கல்லை இறக்கி, தாம்பாளத்தை இடுக்கியால் தூக்கினார்கள். சஹன்! வட்டமாக, விளிம்பு நிமிர்ந்து, நால்வர் சுற்றி உட்காரும் அகலத்தில். மல்லிகா அதைத் தட்டிப் பார்த்தாள், டொக்கென்றது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், ஒழுகவில்லை. நான் கைதட்டிவிட்டேன், வெட்கமில்லாமல்.

நடுவில் ஏதோ பொடிப்பொடியாகத் தடம் தெரிந்தது. தணல் பட்ட தடமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். நின்று பார்க்க யாருக்கு நேரம்? பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்போது நாற்பதாவது சஹனை அடுக்கினோம். மல்லிகாவின் முகமெல்லாம் கரி. எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கட்டியும் கொண்டேன். புடவை பாழ்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நிக்காஹ் முடிந்து சாப்பாடு. பெண்கள் பந்தலில் பாய் விரித்து, நாற்பது சஹனையும் வரிசையாக வைத்தார்கள். நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே ஆட்டுக்கறி. தாளிச்சாவுக்கும் கத்திரிக்காய்ப் பச்சடிக்கும் மல்லிகாவின் கிண்ணங்கள். வெளியூர் பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்டவர்களுக்குச் சின்னத் தட்டுகள். மிச்சம் கட்டுப் பிரிக்காமல் வண்டிக்கே திரும்பியது. எதுவும் வீணாகவில்லை.

எனக்குத்தான் இப்போது சோதனை. கை தானாகப் பைக்குள் போய் என் தட்டைத் தொட்டது. அந்தப் பக்கம் பார்த்தேன். நூர்ஜஹான் அக்காவும் சம்பந்தியம்மாவும் ஒரே சஹனில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பக்கம் இன்னொருவர் கறித்துண்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சஹனை ஈர்க்கு குத்தத் தைத்தவள் நான். நானே எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டினால் மல்லிகாவின் மூஞ்சி எங்கே போகும்? பையை மூடிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் சஹனில் மல்லிகா, மாப்பிள்ளையின் சின்னம்மா, ஜெயங்கொண்டத்தில் கணவரோடு அச்சகம் நடத்தும் பாத்திமா என்ற பெண், நான்.

பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அவரவர் எதிரே இருப்பதை அவரவர் எடுத்தோம். ஒரு கை இன்னொரு கையின் பக்கம் போகவில்லை, கறி மட்டும் என் பக்கம் வந்துகொண்டே இருந்தது. "சாப்புடுங்க மாமி, கூச்சப்படாதீங்க" என்று சின்னம்மா தள்ளித் தள்ளி விட்டார். அப்படி ஒரு நெய்ச்சோறு நான் சாப்பிட்டதில்லை. பாக்குமட்டை வாசனையும் நெய்யும் சேர்ந்து என்னமோ பண்ணியது.

நான்கு பக்கமும் சோறு குறைந்து நடுவுக்கு வந்தபோது விரலில் ஏதோ நெருடியது. சோற்றை ஒதுக்கினேன். நெய் ஊறிக் கறுத்துப் போய், மேடு மேடாக எழுத்துகள். வலமிடமாகத் திரும்பியிருந்தன, ரப்பர் ஸ்டாம்பில் இருப்பது போல.

"என்னமோ டிசைனு போட்டிருக்காங்க" என்றார் சின்னம்மா.

பாத்திமா குனிந்து பார்த்தார். அச்சு எழுத்தைத் திருப்பி வாசித்தே பழகிய கண். உரக்கப் படித்தார். "அன்பளிப்பு. சரோஜா... தியாகராஜன். பெரம்பூர்."

நானும் குனிந்து பார்த்தேன். தாம்பாளத்தின் அடி! நாற்பது தடவையும் அமுக்கியது அந்த அடிதானே? பக்கத்துச் சஹனில், "எங்களுதுலயும் இருக்கு", அதற்கடுத்ததில், "இங்கயும் சரோஜா" என்று பந்தல் முழுக்கச் சிரிப்பு பரவியது. கல்யாணப் பெண் தலை குனிந்திருந்தவள், தன் சஹனைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"யாரு இந்தச் சரோஜா? சாப்பாடே அவங்க அன்பளிப்புதானா?" என்றார் சம்பந்தியம்மா.

நூர்ஜஹான் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "இந்தா உக்காந்திருக்காங்களே, அவங்கதான்!"

அதற்கப்புறம் என்னைப் பார்க்கத்தான் கூட்டம். கை கழுவப் போன இடத்தில் ஒரு பெண், "மொஹரம், சபர் ரெண்டு மாசமும் கழிச்சு எங்க வூட்டுலயும் கல்யாணம் மாமி. இந்தச் சரோஜா தட்டு அறுவது வேணும்" என்றாள். இன்னொருத்தி ஐம்பது கேட்டாள். "தட்டு செய்தது நான் இல்லைம்மா, இதோ மல்லிகா" என்றேன். "ஆமாமா, ரெண்டு பேரும் சேந்துதான்" என்று என் கையையே பிடித்துக் குலுக்கினார்கள். மல்லிகா பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கை பூராவும் கொப்புளம் அவளுக்கு, பெயர் எனக்கு. வாழ்நாளில் முதல் தடவையாக என் பெயரைக் கேட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

சாப்பிட்ட சஹன்களை மடித்து வீட்டுப் பின்னாலிருந்த எருக்குழியில் போட்டார்கள். ஆற்று மணலுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. நூர்ஜஹான் அக்காவின் ஆடு ஒன்று குழியோரம் வந்து ஒரு சஹனை இழுத்து, என் பெயரை நிதானமாக மென்று தின்றது.

கோவிந்தன் ஆண்கள் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தார். விஷயம் அங்கேயும் எட்டியிருந்தது. நால்வரும் இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினோம். வேப்பூர் தாண்டியதும் பாஸ்கரிடம், "ஏம்ப்பா, பெரம்பலூர்ல நல்ல தார்ப்பாய் எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். "சோளத்தக் களத்துலயே போட்டு மூடிக்கலாம்னு பாக்குறேன்." மல்லிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை நான் ஊர் திரும்பும் நாள். வழியனுப்ப மல்லிகாவும் அரியலூர் வந்தாள். கடைவீதியில் ஒரு பாத்திரக்கடை முன்னால் நின்று, துணியில் சுற்றி எடுத்து வந்த தாம்பாளத்தை வெளியே எடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"இந்தப் பேரை அரம் போட்டு அழிச்சிடுங்க" என்றேன் கடைக்காரரிடம்.

மல்லிகா தாம்பாளத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். "அண்ணி! அண்ணன் குடுத்த சீரு. அழிக்கவே கூடாது. ஒங்களுக்கு என்ன ஆச்சு?"

"உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன். விடுடி."

நடுக்கடையில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். கடைசியில் வயதில் மூத்தவள் ஜெயித்தாள். கடைக்காரர் தேய்த்து முடித்ததும், "என்னம்மா வெட்டணும்? எழுத்துக்கு ஒரு ரூவா" என்றார்.

"மல்லிகா, குன்னம். வலமிடமாத் திருப்பி வெட்டணும். கண்ணாடியில பார்த்தா நேராத் தெரியற மாதிரி."

"இருவத்தஞ்சு வருசமா வெட்டுறேன், திருப்பி வெட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான். யாரு குடுத்ததுன்னு போட வேணாமா?"

"வேணாம்."

மல்லிகா தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். ரயில் வரும்வரை என் கையை விடவில்லை.

மாசி மாதக் கடைசியில் பெரம்பூருக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு சஹன். தையல் என்னுடையதைவிட நேர்த்தி. அன்று மதியம் அதில் நெய்ச்சோறு போட்டுக் கூடத்தில் வைத்து, "வாங்க, உட்காருங்க" என்றேன். முப்பது வருஷமாக அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் என் தட்டில் சாப்பிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

"உன் தட்டு எங்கே?" என்றார்.

"இதுதான். எதிர்ல உட்காருங்க."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்திலிருந்து அவர், என் பக்கத்திலிருந்து நான். நடுவுக்கு வந்ததும் அவர் கை நின்றது. சோற்றை ஒதுக்கினார். நெய்யில் ஊறி, நேராக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. அந்த எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"மல்லிகா, குன்னம்" என்று படித்தார். "நாம கொடுத்த தாம்பாளம்தானே இது? நம்ம பேரு எங்கே?"

"அதை லப்பைக்குடிக்காட்டுல ஆடு தின்னுடுச்சுங்க" என்றேன்.